அக்டோபரில் ஐந்து வாடகை

தட்சிண சேம வங்கியின் சங்கரன்கோவில் கிளையில் ஜரினா போய்க் கேட்டது ஒரு கோப்பு. கடன் கேட்டிருந்தால் அன்றைக்கே இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், அவளும் வெயில் ஏறுவதற்குள் வீடு வந்து சேர்ந்திருப்பாள். கோப்பு கேட்டதால் மாட்டிக்கொண்டாள்.

கேட்கச் சொன்னது அவள் புருஷன் ரிபாயி. ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கறையைப் பார்த்துக்கொள்கிறான். ஒரு வெள்ளிக்கிழமை, உங்கள் பணம் எங்கே போகிறது என்று யாரோ இலவசமாகப் பேசிய கூட்டத்துக்குப் போய், பிரியாணியும் சாப்பிட்டுவிட்டு, வீட்டு வரவு செலவைத் தானாகவே பிரித்துச் சொல்லும் ஒரு மென்பொருளோடு அறைக்குத் திரும்பினான். ஜரினாவின் வங்கிக் கணக்கை அதற்குள் ஏற்றிவிட்டால், எந்த மாதம் எதற்கு எவ்வளவு போனது என்று அது வட்டம் போட்டு வண்ணம் தீட்டிக் காட்டும். ஆனால் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் தின்னாது. தேதி ஒரு கட்டத்தில், விவரம் ஒரு கட்டத்தில், தொகை ஒரு கட்டத்தில் இருந்தால்தான் வாயைத் திறக்கும்.

"ஏட்டி ஜரினா, ஆகஸ்ட்டு முடியதுக்குள்ள கணக்கு ஏறணும்" என்றான் ரிபாயி. "ஏறலேன்னா தையல் மிஷின் ரெண்டையும் வித்துட்டு எங்க உம்மா வீட்டுக்குப் போயிரு. தனி வீட்டுல பணம் எங்க போகுதுன்னே தெரியலன்னு உம்மா சொல்லுதா. அவ சொல்லுதது சரிதான்னு எனக்கும் தோணுது."

கடையநல்லூரில் மாமியார் மைமூனம்மாள் வீட்டில் ஜரினா ஆறு வருஷம் இருந்தவள். அங்கே தையல் மிஷின் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. மிதித்தால் மாமிக்குத் தலைவலி, மிதிக்காவிட்டால் மருமகள் சோம்பேறி. மார்ச் மாதம்தான் எப்படியோ ரிபாயியைச் சம்மதிக்க வைத்து, திருவேங்கடம் சாலையில் கோமதியம்மாளின் பின்பக்கத்து வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். கடைகளுக்கு நைட்டியும் உள்பாவாடையும் தைத்துக் கொடுத்தாள். இரண்டே அறைதான். ஆனால் நினைத்த நேரத்தில் மிஷின் மிதிக்கலாம், பிடித்தால் பாதியில் நிறுத்திவிட்டு டீயும் குடிக்கலாம்.

வங்கியில் ஜரினாவின் கணக்கைப் பார்க்கும் கவுன்ட்டரில் ஞானபூரணம் இருந்தார். நல்ல மனுஷி. ஒரு வேலையைச் செய்ய முடியாது என்று சொல்வதற்கு முன்னால் "உக்காரும்மா" என்று சொல்கிறவர்.

"உக்காரும்மா. கோப்புன்னா? பாஸ்புக் வேணுமா?"

"இல்ல மேடம், கம்ப்யூட்டர் கோப்பு. சாப்ட்வேர்ல ஏத்துறதுக்கு."

"அப்படிச் சொல்லு. நம்ம பேங்க் முழுக்க கம்ப்யூட்டர் ஆயிட்டுல்லா. இரு, பிரிண்ட் எடுத்துத் தாரேன்."

பிரிண்ட் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சீல் வைத்தார்கள். பிறகு, ஜரினா கேட்டது கம்ப்யூட்டர் கோப்பு என்பது ஞாபகம் வந்து, சீல் வைத்த பக்கங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து அவள் போனுக்கு அனுப்பினார்கள். அவள் அதைக் கொண்டுபோய்க் கீழரத வீதிப் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் காவியாவிடம் காட்டினாள்.

காவியா பெரிதாக்கிப் பார்த்தாள். "யக்கா, இது போட்டோ. சீல் நல்லா விழுந்திருக்கு. கல்யாண ஆல்பத்துல வைக்கலாம், கணக்குல ஏத்த முடியாது."

ஜரினா மறுபடி போனாள். இந்த முறை உண்மையான கோப்பையே அனுப்பினார்கள். ஆனால் பூட்டி அனுப்பினார்கள். கடவுச்சொல்லைக் கேட்டதற்கு, அதை வாயால் சொல்வது வங்கியின் பாதுகாப்பு விதிக்கு விரோதம் என்றார் ஞானபூரணம். கிளையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்களாம். மறுநாள் ஜரினாவின் பெயர், கணக்கு எண், கடவுச்சொல் மூன்றும் கொட்டை எழுத்தில் பலகையில் இருந்தன. முன்னால் நின்று இளையரசனேந்தல்காரர் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் பாக்காவளே மேடம்!"

"பாக்கட்டும்மா. நாளைக்கு நாங்க குடுக்கலன்னு நீ சொல்ல முடியாதுல்லா? அத்தனை பேரும் சாட்சி."

கோப்பு திறந்தது. உள்ளே கட்டம் கட்டமாக எல்லாம் ஒழுங்காக இருந்தது. காவியா அதை மென்பொருளில் ஏற்றினாள். ஷார்ஜாவில் வட்டங்கள் வண்ணம் பூண்டன. அன்று சாயங்காலமே ரிபாயி கூப்பிட்டான். குரல் சரியில்லை.

"ஏட்டி, டிசம்பர் ரெண்டாம் தேதி பதினெட்டாயிரத்துக்கு எதுக்கு மிஷின் வாங்கின?"

"டிசம்பரா? இது ஜூலை. டிசம்பர் இன்னும் வரலயே!"

"அதான் நானும் கேக்கேன். வராத மாசத்துல எதுக்குச் செலவு பண்ணுத? அக்டோபர்ல அஞ்சு தடவை வாடகை குடுத்திருக்க. மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழுன்னு தெனம் ஒரு வாடகை. அது வீடா, லாட்ஜா?"

ஜரினா காவியாவிடம் ஓடினாள். காவியா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். விஷயம் சின்னது. வங்கி தேதியை முன்னாலும் மாதத்தைப் பின்னாலும் எழுதுகிறது. மென்பொருளைச் செய்தவர்கள் ஊரில் மாதம் முன்னால், தேதி பின்னால். பிப்ரவரி பன்னிரண்டில் ஜரினா வாங்கிய இரண்டாவது மிஷின், டிசம்பர் இரண்டில் போய் உட்கார்ந்துவிட்டது. மார்ச்சிலிருந்து ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி கொடுத்த வாடகை, பத்தாவது மாதமான அக்டோபரில் வரிசையாக நின்றது. பன்னிரண்டாம் தேதிக்கு மேல் நடந்தவை எதுவும் ஏறவே இல்லை. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று உலகத்தில் கிடையாதே.

"நானே ரெண்டு நிமிசத்துல மாத்திருவேன்க்கா" என்றாள் காவியா.

ரிபாயி ஒத்துக்கொள்ளவில்லை. வங்கி கொடுத்த கோப்பில் வெளியாள் கை வைத்தால் அது மோசடி என்று பிரியாணிக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்களாம். வங்கிதான் மாற்றித் தர வேண்டும். ஆகஸ்ட் பிறந்துவிட்டது. ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கட்டிய பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்த தெரு வழியாக, மென்பொருள் காட்டிய பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஜரினா நேராக மேலாளரிடமே போனாள்.

கிளை மேலாளர் வெங்கடேஷ் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி படித்தார்.

"இதுல தேதி மாறி விழுது சார். உங்க கோப்பைக் கொஞ்சம் திருத்தித் தந்தீங்கன்னா..."

"ஒரு நிமிஷம்மா. எங்க கோப்புல தப்புன்னு சொல்றீங்களா?"

"தப்புன்னு சொல்லல சார்."

"நல்லது. எங்க கோப்புல தப்பு வராது. வந்ததா இதுவரைக்கும் நாங்க ஒத்துக்கிட்டதே இல்ல. அப்ப கோப்பு சரி. கோப்பு சரின்னா அதுல இருந்து வந்த இந்தத் தேதிகளும் சரி. தேதி சரின்னா இந்தப் பரிவர்த்தனைகள் இன்னும் நடக்கல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நடக்காத பரிவர்த்தனைக்கு நாங்க ஏற்கெனவே பணம் குடுத்திருக்கோம். இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியுதா?"

ஜரினாவுக்குத் தெரியவில்லை. அன்று மதியமே அவளுடைய கணக்கு, அவளுடைய பாதுகாப்புக்காக, முடக்கப்பட்டது.

இரண்டு நாள் கழித்துத் திருநெல்வேலியிலிருந்து வட்டார அதிகாரி காரில் வந்தார். அவருக்காகச் சாக்லேட்டும் இளநீரும் வைத்திருந்தார்கள். ஜரினாவை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதிகாரி நின்றுகொண்டு பேசினார். கேட்க ஆள் இருக்கும்போது அவர் உட்கார்ந்து பேசுவதில்லை என்று ஞானபூரணம் பிறகு சொன்னார்.

"வாடிக்கையாளர் எங்களுக்குத் தெய்வம். தெய்வத்துக்கிட்ட நாம கோரிக்கை வைக்கலாம், தெய்வம் நம்மகிட்ட கோரிக்கை வைக்கக் கூடாது. இந்த அம்மா வச்சிருக்காங்க. பரவாயில்ல. நம்ம வங்கி ஐம்பது வருஷமா ஒரே ஒரு கொள்கையில நிக்கிது. தப்பு நடந்தா அதைத் திருத்துறதில்ல, ஒழுங்குபடுத்துறோம். திருத்தினா தப்பு நடந்ததுன்னு ஆயிரும். ஒழுங்குபடுத்தினா தப்பே விதி ஆயிரும். விதியை யாரும் கேள்வி கேக்க முடியாது. கேக்கிறதுக்கு ஒரு படிவம் இருந்தது, அதையும் நான்தான் நிறுத்தினேன்."

ஊழியர்கள் கை தட்டினார்கள். அதிகாரி தீர்வைச் சொன்னார். பட்டியலில் உள்ள எல்லாப் பரிவர்த்தனைகளையும் ஜரினா அந்தந்தத் தேதியில், அதே தொகைக்கு, அதே கடையில், வங்கி ஊழியர் ஒருவர் முன்னிலையில் நடத்திக் காட்ட வேண்டும். அந்த நாட்களில் மட்டும் கணக்கு திறக்கும். மற்ற நாட்களில் மூடியிருக்கும்.

"ஏற்கெனவே வாங்கின மிஷினை எப்படி சார் திரும்ப வாங்க?"

"ஏற்கெனவே வாங்கலம்மா. டிசம்பர்லதான் வாங்கப் போறீங்க. இதுல உறுதிமொழி குடுங்க. அக்டோபர் நாலாம் தேதி கோமதியம்மாளுக்கு வாடகை குடுப்பீங்களா?"

"இன்ஷா அல்லாஹ்."

"அப்படி எழுத முடியாது. உறுதியாச் சொல்லணும்."

"நாளைக்கு நடக்கப்போறதை இன்னைக்கே உறுதியாச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல சார்" என்றாள் ஜரினா மெல்ல.

அதிகாரி யோசித்தார். "உங்களுக்கு இல்லாம இருக்கலாம். வங்கிக்கு இருக்கு. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, உறுதியை நாங்க சொல்லிக்கிடுதோம்."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் மைமூனம்மாள் குட்டியானைச் சரக்கு வண்டியோடு வந்து இறங்கினார். வெற்றிலை போட்டுக்கொண்டு, டிரைவரிடம் கயிறு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார்.

"கணக்கு ஏறிச்சா? ஏறலல்ல? எம் மவன் அங்கன பாலைவனத்துல வேகுதான், நீ இங்கன அக்டோபர்ல அஞ்சு வாடகை குடுக்க. எடு மிஷினை. வழியில ஒரு ஆளு பார்த்து வச்சிருக்கேன், நல்ல விலை தாரான்."

"மாமி, நான் சொல்லுததைக் கொஞ்சம்..."

"நீ சொல்லிச் சொல்லித்தான் எம் மவன் காது செவிடாயிட்டு."

கோமதியம்மாள் முன்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். டிரைவர் முதல் மிஷினைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டான். ஜரினா அதன் சக்கரத்தைப் பிடித்தபடியே கூட நடந்தாள். அழக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஆகஸ்ட் மாதத்துப் பரிவர்த்தனைகள் ஒழுங்காக நடந்தனவா என்று கையெழுத்து வாங்க மேலாளர் வெங்கடேஷும் ஞானபூரணமும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்கள்.

"நிறுத்துங்க!" என்றார் வெங்கடேஷ். "இது எங்க போகுது?"

"நீரு யாருவே? எம் மருமவ சாமானை நான் கொண்டுபோறேன், ஒமக்கென்ன?"

வெங்கடேஷ் பையிலிருந்து உத்தரவை எடுத்தார். "அம்மா, இந்தப் பட்டியல்ல ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஊர் பேர் போட்டிருக்கு. சங்கரன்கோவில். நவம்பர் அஞ்சாம் தேதி இந்த அம்மா மிஷின் பழுதுபார்க்க எண்ணூத்தி அம்பது ரூபாய் குடுக்கப் போறாங்க. மிஷின் இல்லாம எதைப் பழுதுபார்க்கிறது? நீங்க இதைத் தூக்கிட்டுப் போனா நவம்பர் அஞ்சு பொய்யாயிரும். நவம்பர் அஞ்சு பொய்யானா கோப்பு பொய். கோப்பு பொய்யானா வங்கி பொய்." அவர் உத்தரவை மைமூனம்மாளிடம் நீட்டினார். "நான் ஓய்வு பெற இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

டிரைவர் மிஷினை இறக்கி வைத்தான்.

மைமூனம்மாள் போலீசுக்கே பயப்படாதவர். ஆனால் சீல் வைத்த தாளைக் கண்டால் கொஞ்சம் தயங்குவார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, எம்புட்டு நாளைக்கு இவ இங்கன இருக்கணும்?"

"டிசம்பர் ஏழோட பட்டியல் முடியுது. அப்புறம் எல்லாத் தேதியும் சரியா நடந்ததுன்னு வட்டார அலுவலகம் ஒப்புதல் தரணும். பொங்கல் விடுமுறை முடிஞ்சு வந்துரும்."

"பொறவு?"

"பொறவு வங்கிக்கு ஆட்சேபணை இல்ல."

மைமூனம்மாள் டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏலே, பொங்கல் கழிஞ்ச மறுவாரம் வண்டி சும்மா இருக்குமா? இப்பவே சொல்லி வச்சிக்கோ." பிறகு ஜரினாவைப் பார்த்து, "அதுவரைக்கும் நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கு" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.

வீடு இருந்தது. மிஷின் இருந்தது. ஆனால் ஜரினாவுக்கு அந்த வீட்டில் தான் இருப்பது போலத் தோன்றவில்லை. அவளுடைய நாட்களுக்கு வங்கி முன்கூட்டியே போய்த் துண்டு போட்டு வைத்திருந்தது. நூல் தீர்ந்தாலும் பட்டியலில் நூல் வாங்கும் தேதி வரும்வரை பொறுக்க வேண்டும். காய்ச்சல் வந்த நாளில் மருந்துக்குப் பட்டியலில் இடம் இல்லை. தையல் கூலி கையில் வருவதை வைத்து ஓட்டினாள். ஒரு மாதத்துக்கு ஏழு நாளைக்கு மேல் அவள் செலவு செய்ய வங்கி அனுமதிக்கவில்லை. பட்டியலில் உள்ள தேதிகள் எல்லாம் மாதத்தின் முதல் ஏழு நாளுக்குள் முடிந்துவிட்டன.

அக்டோபர் மூன்றாம் தேதி காலையில் ஞானபூரணம் வந்து, முன்வீட்டில் உட்கார்ந்து, ஜரினா போனில் வாடகை அனுப்புவதைப் பார்த்து எழுதிக்கொண்டார். நான்காம் தேதியும் வந்தார். ஐந்தாம் தேதி சாப்பாடு எடுத்துக்கொண்டே வந்துவிட்டார்.

"எனக்கு என்ன தாயி, ஆகஸ்ட்டு, செப்டம்பர் வாடகை வரலயேன்னு நானே கேக்கலாம்னு இருந்தேன்" என்றார் கோமதியம்மாள். "டிசம்பர் வரைக்கும் கணக்குல வச்சிக்கிடுதேன். இந்த பேங்க்குல இருந்து எம் பழைய குடித்தனக்காரனுக்கும் இப்படி ஒரு உத்தரவு போடச் சொல்லேன் பூரணம். அவன் எட்டு மாசம் தரணும்."

டிசம்பர் இரண்டாம் தேதி மிஷின் வாங்கினார்கள். கடைக்காரர் பழைய விலைக்குத் தர மாட்டேன் என்றார். வெங்கடேஷ் கடையில் நின்று பதினெட்டாயிரம் என்பது விலை அல்ல, ஆவணம் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். கடைக்காரருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் ஒத்துக்கொண்டார். பணத்தை ரிபாயி அனுப்பியிருந்தான். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"ஒவ்வொண்ணும் சொன்ன தேதில டாண்ணு நடக்குது பாத்தியா? சாப்ட்வேர்னா இது! இப்பத்தான்டி நீ திட்டம் போட்டுச் செலவு பண்ணுத."

"அப்ப நான் இங்கயே இருக்கட்டுமா?"

"உம்மா வண்டிக்குச் சொல்லியாச்சு. பேங்க் விட்டதும் கிளம்பிரு."

மூன்று மிஷின்களுக்கு நடுவில் ஜரினா உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதின் மேல் இன்னும் பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை. அவள் மடியில் வங்கிப் பட்டியல் கிடந்தது. நான்கு மாதமாக அதைப் பார்த்துப் பார்த்தே நடந்ததில், எந்தத் தேதி எங்கே போய் விழும் என்பது அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஒன்றாவது மாதத்தில் இரண்டாம் தேதி நடந்தது, இரண்டாவது மாதத்தில் ஒன்றாம் தேதி போய் விழும். மூன்றாம் தேதி நடந்தது, மார்ச் ஒன்றில் விழும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டில் நின்றது.

புது வருஷம் பிறந்தது. பட்டியல் முடிந்துவிட்டதால் கணக்கு திறந்திருந்தது. ஜனவரி முதல் தேதி ஜரினா கோமதியம்மாளுக்குப் போனில் பத்து ரூபாய் அனுப்பினாள். விவரம் என்ற இடத்தில் வீட்டு வாடகை என்று போட்டாள். மறுநாளும் பத்து ரூபாய். அதற்கு மறுநாளும்.

"என்ன தாயி, தெனம் பத்து ரூவா விழுது? கைதவறி அனுப்புதியோ?"

"இல்லம்மா. மாச வாடகையைக் கையில தந்துருதேன். இது இருக்கட்டும்."

பன்னிரண்டாம் தேதியோடு நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கே வங்கிக்குப் போய்க் கோப்பு வாங்கி, காவியாவிடம் கொடுத்து மென்பொருளில் ஏற்றி, பிரிண்ட் எடுத்துக்கொண்டாள். காவியா தாளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். போகி அன்று காலை, வட்டார அலுவலகத்துக்குக் கடைசிக் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்த மேலாளரின் மேஜையில் ஜரினா அந்தத் தாளை வைத்தாள். முகத்தை எவ்வளவு வாட்டமாக வைக்க முடியுமோ அவ்வளவு வாட்டமாக வைத்திருந்தாள்.

வெங்கடேஷ் படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி படித்தார். பிப்ரவரி ஒன்று, வீட்டு வாடகை, சங்கரன்கோவில். மார்ச் ஒன்று, வீட்டு வாடகை, சங்கரன்கோவில். அப்படியே டிசம்பர் வரைக்கும் போனது.

கவுன்ட்டரிலிருந்து வந்து எட்டிப் பார்த்த ஞானபூரணம், பட்டியலில் பத்து ரூபாய் என்று இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு ஜரினாவைப் பார்த்தார். போய் சீலை எடுத்துவந்து, மையில் நன்றாக அழுத்தித் தாளில் குத்தினார்.

"அம்மா, இதை நான் எப்படிச் சொல்றதுன்னே தெரியல" என்றார் வெங்கடேஷ், உண்மையாகவே வருத்தப்பட்டு. "இந்த வருஷம் பூரா, ஒவ்வொரு மாசமும் ஒண்ணாந்தேதி, நீங்க அதே வீட்டுல இருந்தாகணும். வேற வழியே இல்ல. முடியுமா உங்களால?"

ஜரினா பெருமூச்சு விட்டாள்.

"கஷ்டம்தான் சார்" என்றாள். "எங்க மாமிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை போன்ல சொல்லிருங்க. வண்டிக்காரர் பாவம், காத்துக்கிட்டு இருப்பாரு."